மற்ற துறைகளைக் கூட்டாளியாக்குவது எப்படி: கடலூர் சுகாதாரப் பணியாளருக்கான முழு வழிகாட்டி

காய்ச்சல் தடுப்பில் பாதி வேலை சுகாதாரத் துறையின் கையில் இல்லை. பழைய டயர் பஞ்சர் கடைக்காரரிடம் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியின் சாவி ஊராட்சியிடம். படகு மீனவரிடம், பள்ளியின் மொட்டைமாடி தலைமையாசிரியரிடம், குப்பை வண்டி மாநகராட்சியிடம். இவர்களில் ஒருவருக்கும் நாம் மேலதிகாரி கிடையாது. உத்தரவு போட முடியாத இடத்தில் பேசித்தான் வேலை நடக்க வேண்டும். ஆனால் பேசுவதற்கு நமக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. கொசுப்புழுவை டார்ச் அடித்துத் தேடக் கற்றுக்கொள்கிறோம், தேடிக் கண்டுபிடித்ததைக் கடைக்காரர் காதில் போடத் தெரியாமல் திரும்பி வருகிறோம்.

இந்த வழிகாட்டி சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள், தன்னார்வ அமைப்பினர் ஆகியோருக்காக. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து நிலவரத்தை வைத்து எழுதியிருக்கிறேன். டெங்கு உதாரணம்தான் அதிகம் வரும். இரத்த அழுத்தம், சர்க்கரை, எலிக்காய்ச்சல் எதற்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: கேட்பது ஒரே ஒரு வேலையாக இருக்கட்டும்

"தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் கடிதங்கள் எல்லா அலுவலகக் கோப்பிலும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அவரும் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிடுவார். தப்பு அவர் மேல் இல்லை.

கூட்டாளியைத் தேடிப் போவதற்கு முன், நான்கு விஷயம் அடங்கிய ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: யார், எதை, எங்கே, எந்த நாளுக்குள். "பள்ளி வளாகத்தைத் தூய்மையாக வைத்திருங்கள்" என்பது அறிவுரை. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மதியமும் மொட்டைமாடித் தொட்டியின் மூடியை உங்கள் அலுவலக உதவியாளர் பார்த்து, நோட்டில் ஒரு டிக் போட வேண்டும்" என்பதுதான் வேலை. இரண்டாவதற்கு மட்டுமே சரி என்றோ முடியாது என்றோ பதில் வரும். முடியாது என்று வந்தாலும் லாபம்தான், ஏன் முடியாது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

முதல் சந்திப்பில் இரண்டு கோரிக்கை வைக்காதீர்கள். டெங்கு, புகையிலை, குடற்புழு மாத்திரை மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஹெச்.எம். (தலைமையாசிரியர்) மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு மூன்றையும் மறந்துவிடுவார்.

படி 2: முடிவு யார் கையில் என்று பாருங்கள்

பதவிப் பலகையில் இருக்கும் பெயரும் உண்மையில் முடிவெடுக்கிறவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. மீனவ கிராமத்தில் ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் மீன்வளத் துறை உதவி இயக்குநரிடம் கடிதம் கொடுப்பது முறை. ஆனால் தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்னால்தான் படகு நகரும். அவர்களைப் பார்க்காமல் அலுவலகக் கடிதத்தோடு கரையில் இறங்கினால், மரியாதையாக டீ கொடுத்து அனுப்பி வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஊராட்சியில் தலைவர், செயலர், தொட்டி இயக்குபவர் என்று மூன்று பேர். குளோரின் போடுகிறவர் மூன்றாமவர். தலைவரிடம் அனுமதி, செயலரிடம் பணம், தொட்டி இயக்குபவரிடம் வேலை. பள்ளியில் தலைமையாசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மாணவரின் அம்மாவாக இருப்பார், அவர் சொன்னால் மற்ற அம்மாக்கள் கேட்பார்கள். தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவை விட பாதுகாப்பு அலுவலர் நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பார். பஜாரில் வணிகர் சங்கம். மகளிர் குழுக்களுக்கு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: முடிவெடுப்பவர், வேலை செய்பவர், தடுக்கக் கூடியவர். மூன்றாவது பத்தியைத்தான் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

படி 3: அவர்களுடைய ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு துறைக்கும் தனித் தனி ஆண்டு உண்டு. நம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபரில் சூடுபிடித்து டிசம்பர் வரை ஓடும். அந்த நேரத்தில் போய்ப் பேச ஆரம்பித்தால் எவருக்கும் காது கொடுக்க நேரம் இருக்காது.

மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாக ஆட்கள் ஊரில் இருப்பார்கள். மற்ற நாளில் விடியற்காலை கடலுக்குப் போய்விடும் ஆண்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க இதைவிடத் தோதான சமயம் கிடையாது. மழைக்கு முன் படகுகளில் என்ன செய்யலாம் என்று பேசவும் இதுதான் நேரம். ஏலம் நடக்கும் காலை வேளையில் துறைமுகத்துக்குப் போய் விழிப்புணர்வு பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, மீன் விலை கூவப்படுகிறது, நடுவில் ஒருவர் மைக்கில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி சொல்கிறார். மீன் வாங்க வந்தவர்கள்கூட நகர்ந்துதான் நின்றார்கள்.

பள்ளிக்கு ஜூன் திறப்பு நல்லது, மார்ச் வேண்டவே வேண்டாம், பொதுத் தேர்வு. பண்ருட்டி முந்திரி, பலா வியாபாரிகளுக்குக் கோடைக்காலம் தலைக்கு மேல் வேலை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் கூட்டம் வரும், கோயில் சுற்று வீதி அன்னதானக் குழுக்களிடம் குடிநீரைப் பற்றிப் பேச ஒரு மாதம் முன்பே போக வேண்டும். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கல்யாணம் அடுத்தடுத்து நடக்கும். அங்கே சமையல் காண்ட்ராக்டரைப் பார்க்க ஆடி மாதம்தான் சரி. அரசு அலுவலகங்களுக்கு மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, புதுச் செலவு எதுவும் பேசாதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மழைக்கு முந்தையது ஆகஸ்ட் 15. அக்டோபர் 2 சபை முடிந்த சில வாரத்திலேயே பருவமழை தொடங்கிவிடும், வேலை நடக்க நேரம் இருக்காது. அதனால் டெங்கு தொடர்பான தீர்மானம் ஆகஸ்ட் சபையிலேயே வந்துவிட வேண்டும்.

படி 4: செய்தியை அவர்கள் பக்கம் திருப்புங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. "பொது சுகாதாரம் எல்லோருடைய பொறுப்பு" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த வாக்கியம் ஒரு டயரையும் நகர்த்தாது. எதிரே இருப்பவருக்கு ஏற்கெனவே ஒரு கவலை இருக்கும். நம் செய்தி அந்தக் கவலையோடு சேர வேண்டும்.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் பூச்சிக்கடத்தி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வேலை இதற்கு நல்ல பாடம். 1980களில் கேரளத்தின் சேர்த்தலையில் யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த அவர்கள் போனார்கள். அங்கே நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, குளத்து ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் மூச்சு விடும். செடியை எடுத்தால் கொசு போய்விடும். ஆனால் அந்தச் செடி தென்னைக்கு உரம் என்று மக்கள் வேண்டுமென்றே வளர்த்துவந்தார்கள். கொசு கொசு என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் உரத்தை விடுவார்கள்? குளத்தில் மீன் வளர்க்கலாம், வருமானம் வரும் என்று பேச்சை மாற்றினார்கள். மீன் வளர்ப்புக்குக் குளம் சுத்தமாக வேண்டும், செடி தானாக வெளியே வந்தது. மீன்வளர்ப்பு நோய்த்தடுப்பின் கருவியாகவே ஆனது.

நம் ஊருக்கு வருவோம். பஞ்சர் கடை. மழைநீர் தேங்கிய டயரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழு முதல் பத்து நாளில் பறந்துவிடும். இந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும், பகலில் கடிக்கும். ஆகவே முதலில் கடிபடுவது கடையிலேயே உட்கார்ந்திருக்கிற அவரும் அவருடைய பையனும்தான். இதைச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் அவருடைய தொழில் தெரிய வேண்டும். டயரைச் சாய்த்தாலும் உள்விளிம்பில் தண்ணீர் நின்றுவிடும், முழுதாக வடியாது. ஓட்டை போட்டால் வடியும். ஆனால் ரீட்ரெடிங்குக்கோ மறுவிற்பனைக்கோ வைத்திருக்கிற டயரில் ஓட்டை போடச் சொன்னால் அடிக்க வருவார், வரத்தான் வேண்டும். எனவே கோரிக்கை இரண்டாகப் பிரியும்: விற்கிற டயருக்கு மேலே தார்ப்பாய், விற்காத டயருக்கு ஓட்டை. துறைமுகத்தில் படகு இடிபடாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடும் டயர்கள் இரண்டாவது வகை. அடியில் ஒரு துளை போட்டால் படகுக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் இன்னோர் உதாரணம். கிலோவுக்குக் கூலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால் அந்த இரண்டு மணி நேரக் கூலி போச்சு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிறது, ஆனால் இவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. முதலாளியிடம் "தொழிலாளர் நலம்" என்று பேசினால் செலவு என்று காதில் விழும். "உங்கள் வேலை நிற்காமல், டீ நேரத்தில், உங்கள் கொட்டகையிலேயே பிரஷர் பார்த்துவிடுகிறோம். மயக்கம் போட்டு விழுகிற ஆளுக்கு அப்புறம் ஆட்டோ பிடிக்கிற வேலை உங்களுக்குக் குறையும்" என்றால் கேட்பார். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோவதைப் பற்றியும் அங்கேயே ஒரு வார்த்தை. அது தொழிலாளிக்கு வேதனை, முதலாளிக்கு உற்பத்தி இழப்பு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிற அபூர்வமான விஷயம்.

எண்களைக் கொண்டுபோகும்போது மாவட்டக் கணக்கை விட்டுவிடுங்கள். மாவட்டத்தில் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்றால் யாருக்கும் உறைக்காது. அவருடைய தெரு, அவருடைய பள்ளி, அவருடைய பணிமனை. பள்ளி வருகைப் பதிவேட்டில் போன நவம்பரில் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்த பிள்ளைகளை ஹெச்.எம்.மையே எண்ணச் சொல்லுங்கள். அவர் எண்ணிய எண்ணை அவரே மறுக்க முடியாது. ஒன்று மட்டும் கண்டிப்பு: நோயாளியின் பெயர், வீட்டு எண், சாதி, எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்பது வெளியே போகக் கூடாது. சின்ன ஊரில் "மூணாவது தெரு, கடைசி வீடு" என்றாலே பெயர் சொன்ன மாதிரிதான்.

படி 5: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பவர்பாயின்ட் வேண்டாம். ஒரு பக்கம், பெரிய எழுத்து, ஒரு படம். படம் அவருடைய இடத்தில் எடுத்ததாக இருக்கட்டும், இணையத்தில் எடுத்த கொசுப் படம் வேண்டாம். கீழே ஒரு மாதிரி தருகிறேன், எண்கள் மாதிரிக்கு மட்டுமே.

*படகுத் துறையில் தேங்கும் மழைநீர்*
*பார்த்தது: செப்டம்பர் மூன்றாம் வாரம், 40 படகுகள். கொசுப்புழு இருந்தவை 11. அதில் 8-ல் புழு இருந்தது தொங்கும் டயரில்.*
*உங்களுக்கு என்ன: காய்ச்சல் வந்த ஆள் ஒரு வாரமாவது கடலுக்குப் போக முடியாது, தேறிய பிறகும் அசதி நீடிக்கும்.*
*கேட்பது: அக்டோபர் 5-க்குள் தொங்கும் டயர் ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு துளை.*
*நாங்கள் செய்வது: துளை போடும் இயந்திரமும் ஆளும் இரண்டு நாளுக்கு. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவை ஊர்ப் பலகையில் எழுதுவோம்.*
*பேச வேண்டியவர்: சுகாதார ஆய்வாளரின் பெயர், கைபேசி எண்.*

"நாங்கள் செய்வது" என்ற வரி இல்லாத குறிப்பை அனுப்பாதீர்கள். அது இல்லையென்றால் மொத்தத் தாளும் வேலை ஏவுகிற தாளாகத்தான் தெரியும். கடைசி வரியில் அலுவலகத் தொலைபேசி எண் மட்டும் போடுவதும் வீண், எடுக்க ஆள் இருக்காது.

மொழி விஷயம். "கொள்கலன் குறியீடு" என்று எழுதாமல் "தண்ணீர் இருந்த நூறு பாத்திரத்தில் இத்தனையில் புழு" என்று எழுதுங்கள். "நோய்க்கடத்தி" கொசுவாகட்டும். "இனப்பெருக்க இடங்கள்" வேண்டாம். ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்தட்டு, சின்டெக்ஸ் டேங்க், இளநீர்க் கூடு என்று பொருளின் பெயரையே சொல்லுங்கள்.

படி 6: முதல் சந்திப்பு

இரண்டு பேர் போதும். ஜீப்பில் ஆறு பேர் இறங்கினால் ரெய்டு என்று நினைத்துக் கடையைச் சாத்துவார்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் குறித்துக்கொள்ளட்டும். முடிந்தால் அந்த ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று கூட இருக்கட்டும். நர்சம்மா தடுப்பூசி போட்ட பிள்ளைகள் இன்று படகு ஓட்டுகிறார்கள், அவர் கூட வந்தால் பாதிப் பேச்சு முடிந்தது.

முதலில் நீங்கள் பேசாதீர்கள். கேளுங்கள். ஊர்ப் பெரியவரிடம் இப்படிப் போகலாம்:

"ஐயா, போன மழைக்கு இங்க காய்ச்சல் எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு தம்பி. நம்ம மருமவனே பத்து நாள் படுத்துட்டான். நீங்க அப்ப வந்து பொகை அடிச்சிட்டுப் போனீங்க, அதோட சரி."

இந்த இடத்தில்தான் பலர் நிலைகுலைந்து, புகை மருந்து ஏன் அடித்தோம், எத்தனை லிட்டர் செலவானது என்று விளக்கத் தொடங்குவார்கள். வேண்டாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டயருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

"உண்மைதான் ஐயா. புகையில புழு சாவாது. அதனாலதான் இந்தத் தடவை மழைக்கு முன்னாலயே வந்தோம். ஒரு டயரைக் காட்டட்டுமா?"

அப்புறம் கையோடு கொண்டுபோன வெள்ளைக் கிண்ணத்தில் அந்த டயர்த் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். புழு நெளிவதைக் கண்ணால் பார்த்த பிறகு பேச வேண்டியது அதிகம் இருக்காது. பக்கத்தில் நிற்கும் பையன்கள் வேறு டயரில் இருந்து அள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் கேள்வியாகவும் ஒன்றைச் சொல்லலாம்: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதுமா? போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுமழைக்குப் பொரியும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தலாமா? 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது, இந்தியாவில் அதுவே முதல் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரமும் இருக்கிறது. என் யோசனை: நோட்டீஸ் புத்தகம் பையிலேயே இருக்கட்டும். முதல் நாளே நீட்டினால் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் டயரைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுவார்கள், புழு இருக்கும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். மூன்று முறை சொல்லியும் தார்ப்பாய்கூடப் போடாத பெரிய கிடங்குக்கு வேண்டுமானால் எடுங்கள்.

படி 7: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

அன்று மாலைக்குள் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி. நீளமாக வேண்டாம்: "வணக்கம் ஐயா. இன்று பேசியபடி அக்டோபர் 5-க்குள் டயர்களில் துளை. இயந்திரம் 3-ஆம் தேதி காலை 7 மணிக்கு வரும். நன்றி." அரசுத் துறை என்றால் இதோடு முறையான கடிதமும் வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் நகலை அவருடைய மேலதிகாரிக்கு முதல் முறையே அனுப்பினால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்த பிறகு பாராட்டுக் கடிதத்தின் நகலை மேலே அனுப்புங்கள், அது வேறு மாதிரி வேலை செய்யும்.

ஆட்சியர் கூட்டத்தில் இன்னொரு துறையைப் பற்றிப் புகார் சொல்லித் தீர்வு வாங்குவது எளிது. கலெக்டர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே லாரி வரும். அதற்கடுத்த மாதம் அந்த அதிகாரி உங்கள் போனை எடுக்க மாட்டார். கூட்டத்துக்கு முதல் நாளே அவரிடம் பேசி, "நாளைக்கு இதைச் சேர்ந்தே சொல்லலாமா?" என்று கேளுங்கள்.

படி 8: ஏழாம் நாள் பதில்

சுகாதாரத் துறை தகவல் வாங்குவதில் கெட்டி, திருப்பித் தருவதில் மட்டம். பள்ளியில் கணக்கெடுப்போம், கடையில் கணக்கெடுப்போம், முடிவு நம் மேலிடத்துக்குப் போகும். கொடுத்தவருக்கு எதுவும் வராது. கூட்டு முறிவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு வாரத்துக்குள் மறுபடி போய்ப் பாருங்கள், முடிவைச் சொல்லுங்கள். புழு இருந்த 11 படகு 3 ஆனது என்றால் ஊர்ப் பலகையில் எழுதுங்கள், பெயரை அவர்களுக்கே கொடுங்கள். 11 என்பது 12 ஆகியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். "டயர் சரியாகிவிட்டது, இப்போது ஐஸ் பெட்டியில் இருக்கிறது" என்று காரணத்தோடு சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. பத்திரிகைக்குப் படம் எடுக்கும்போது நடுவில் நிற்க வேண்டியது ஊர்ப் பெரியவரும் துளை போட்ட பையனும். நாம் ஓரத்தில் நிற்கலாம், அல்லது படம் எடுக்கலாம்.

எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்பதெல்லாம் அறிக்கைக்கு. கூட்டு வேலை செய்கிறதா என்று அறிய இரண்டு கேள்வி போதும். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்ற எண் இறங்குகிறதா? நாம் கூப்பிடாமலே அவர்களிடமிருந்து எப்போதாவது போன் வருகிறதா?

படி 9: யாரோடு சேரக் கூடாது

பணம் தருகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் கூட்டாளிகள் இல்லை. புகையிலை நிறுவனம் எந்த வடிவில் வந்தாலும் வேண்டாம். இந்தியா 2004-ல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவே, சுகாதாரக் கொள்கையில் அந்தத் தொழிலின் தலையீட்டைத் தடுக்கச் சொல்கிறது. மதுக்கடைக்காரர் தரும் குடிநீர்ப் பந்தலும் அதே கணக்கில்தான் வரும்.

ரசாயனத் தொழிற்சாலைகள் விஷயம் கொஞ்சம் சிக்கல். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய ஊர்க்காரர்கள் காற்றின் நாற்றத்தைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். அங்கே ஒரு கம்பெனியின் பெயர் போட்ட பேனரின் கீழ் மருத்துவ முகாம் நடத்தினால், நாம் யார் பக்கம் என்ற கேள்வி உடனே வரும். அதற்காகத் தொழிலாளிகளை விட்டுவிடவும் முடியாது. வேலியைத் தெளிவாகப் போடுங்கள்: தொழிற்சாலைக்குள் தொழிலாளர் பரிசோதனைக்கு இடமும் நேரமும் வாங்கலாம். ஊருக்குள் நடக்கும் முகாமுக்கு அவர்கள் பேனரோ பணமோ வேண்டாம். பரிசோதனை முடிவு தொழிலாளியிடம் மட்டும், முதலாளியிடம் இல்லை. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிற வரை யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

படி 10: வெள்ளத்தின்போது புது நட்பு கிடைக்காது

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம். கடலூருக்குப் பேரிடர் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் தட்டம்மை பரவியது, இருந்த தடுப்பூசி அளவையும் மீறி. ஆட்களை ஒரே கூரையின் கீழ் நெருக்கித் தங்கவைத்தால் தட்டம்மை எளிதில் பரவும். நிவாரண முகாம் அமைப்பது வருவாய்த் துறை. சாப்பாடு வேறொருவர், தண்ணீர் லாரி இன்னொருவர், கழிப்பறை மற்றொருவர்.

அந்த நேரத்தில் அனுப்பும் செய்தி மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது: எங்கே, என்ன வேண்டும், எந்த மணிக்குள். "முகாம் பள்ளி, இரண்டாவது கட்டடம். இன்று மாலை 5-க்குள் குளோரின் போட்ட தண்ணீர் ஒரு லாரி. அங்கே நிற்பவர் நர்சம்மா." தாசில்தாரின் சொந்த எண், தண்ணீர் லாரி ஓட்டுநரின் எண், சமையல் செய்யும் மகளிர் குழுத் தலைவியின் எண் ஆகியவற்றை செப்டம்பரிலேயே ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கரண்ட் போன மூன்றாம் நாள் அது வெறும் கண்ணாடித் துண்டு.

வெள்ளம் வடிந்த வாரத்தில் விவசாயத் துறைதான் முக்கியக் கூட்டாளி. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரம் கலந்த நீர் வழியே, காலின் புண், வெடிப்பு வழியாக உள்ளே போகும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சொல்ல, வேளாண் உதவி அலுவலரும் உரக்கடைக்காரரும் நம்மைவிட நல்ல வாய். உரக்கடையில் ஒரு தாள் ஒட்டினால் பூச்சிமருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரும் படிப்பார்கள்.

படி 11: தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கடலூரைத் தாண்டினால் பாகூர், அது புதுச்சேரி. நிர்வாகம் வேறு. இங்கே வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகும் கடிதம் அங்கே கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்குப் போக வேண்டும். ஆனால் வேலைக்கு இங்கிருந்து அங்கே போகிறார்கள், பெண் கொடுத்து எடுக்கிறார்கள், உடம்பு சரியில்லை என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் சொந்தக்காரர் வீட்டு முகவரி எழுதியிருக்கும், கடித்த கொசு இந்தப் பக்கத்தில் இருக்கும்.

மேலிடம் வழியாகத் தகவல் வந்து சேர்வதற்குள் அடுத்த தலைமுறைக் கொசு பறந்திருக்கும். ஆகவே எல்லையோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஆய்வாளர்கள் இருவரும், மேலதிகாரிக்குத் தெரியப்படுத்திவிட்டு, வாரம் ஒருமுறை நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். கேட்க வேண்டியது இரண்டு: எந்த ஊரில் காய்ச்சல், எந்தப் பொருளில் புழு.

படி 12: மாறுதல் உத்தரவு

கஷ்டப்பட்டுப் பழகிய அதிகாரி ஒரு நாள் மாறுதலில் போவார். சில சமயம் நாமே போவோம். இதற்காகப் படி 1 முதல் எழுதிய எல்லாத் தாளும் ஒரே கோப்பில் இருக்கட்டும்: கேட்ட வேலை, ஒப்புக்கொண்ட தேதி, நடந்தது, யாரிடம் பேச வேண்டும், யாரிடம் எந்த நேரத்தில் பேசக் கூடாது. கடைசி விவரம் அரசுக் கோப்பில் எழுத முடியாதது என்றால், பொறுப்பேற்க வருகிறவரைத் துறைமுகத்துக்கும் பஜாருக்கும் ஒருமுறை நேரில் அழைத்துப்போய் ஊர்ப் பெரியவரிடமும் பஞ்சர் கடை அண்ணனிடமும் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். போகிற வழியில் அந்தத் தார்ப்பாய் இன்னும் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லலாம்.